தறிக்கு ஒரு பெயர் போதாது, கச்சபேசன்

கச்சபேசன் இறந்த செய்தி வந்தபோது நான் மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். கூப்பிட்டவர் தணிகாசலம், நம்முடைய பட்டு உற்பத்தியாளர் கம்பெனியின் தலைவர். "அண்ணன் போயிட்டாரும்மா. காலையிலே சாயப்பட்டறையிலே நெஞ்சைப் புடிச்சிக்கினு உக்காந்தாரு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போறதுக்குள்ளே முடிஞ்சிபோச்சு" என்றார். நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் அவரே அடுத்ததைக் கேட்டார்: "டைரக்டர் ஒருத்தர் செத்துட்டா எத்தினி நாளுக்குள்ளே எழுதிக் குடுக்கணும் மேடம்?"

முப்பது நாள் என்றேன். வாய் தானாகச் சொல்லிவிட்டது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. தணிகாசலத்தை என்ன சொல்வது, பதற்றத்தில் மனிதர்கள் எதையாவது கேட்பார்கள். என் கோபமெல்லாம் கச்சபேசன் மேல். தணிகாசலம் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். கேட்டும்விட்டார்.

"வசந்தா அண்ணி பேரு கம்பெனிலே இருக்குதில்லே?"

"இல்லீங்க."

"இன்னாம்மா சொல்றீங்க? அண்ணன் ஆரம்பிச்ச கம்பெனி!"

"அவர் ஆரம்பிச்சதுதான். அவங்க பேரு அதுலே இல்லே. நாமினி இடத்துலேகூட எழுதாம விட்டிருக்காரு."

"அடப் பாவமே" என்றார். யாரைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

கச்சபேசனின் மனைவி வசந்தா அம்மா முப்பது வருடமாக அவரோடு ஒரே தறியில் உட்கார்ந்தவர். இந்த ஊரில் கோர்வைப் புடவை எப்படி நெய்யப்படுகிறது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். புடவையின் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் இழைக்கு இழை கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் நடுவில் உட்கார்வார். இன்னொருவர் ஓரத்தில் உட்கார்ந்து, கரை நூல் சுற்றிய நாடாக் கட்டையைப் போட்டுக்கொண்டே இருப்பார். ஓரத்தில் இருப்பவர் பெரும்பாலும் மனைவிதான். கணக்கெடுக்க வருபவர்கள் "எத்தனை தறி?" என்று கேட்பார்கள். "ஒரு தறி" என்பார்கள். ஒரு பெயரை எழுதிக்கொண்டு போய்விடுவார்கள். அந்த ஒரு பெயர் யாருடையது என்பதையும் நான் சொல்ல வேண்டியதில்லை.

கம்பெனியின் ஆண்டுக்கூட்ட மலருக்கு கச்சபேசனைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதுங்கள் என்றார்கள். நாலு வார்த்தையில் அடங்குகிற ஆளா அவர்? நல்லதை மட்டும் எழுதவும் எனக்கு வராது. பன்னிரண்டு வருடம் என் உயிரை வாங்கியவர். கலெக்டர் அலுவலகச் சாலையில், ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில் என் அலுவலகம். அறக்கட்டளை, சங்கம், கம்பெனி என்று யாருக்கு எது வேண்டுமோ அதற்குப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தருவது என் தொழில். நான் ஆடிட்டர் இல்லை. இதை அவரிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "சரிங்க ஆடிட்டரம்மா" என்பார்.

முதல் நாள் அவர் வந்தபோது கையில் காகிதம், பேனா எதுவும் இல்லை. அவர் தெருவிலும் பக்கத்துத் தெருவிலும் இருந்த நெசவாளர்கள் சேர்ந்து ஓரிக்கை போகிற வழியில் ஒரு சாயப்பட்டறை போட்டிருந்தார்கள். அங்கே சாயம் போட்டு, தறியில் ஏற்றும் பாவு நூல் தயார் செய்து, புடவையையும் நேரடியாக விற்க வேண்டும் என்று திட்டம். "ஏதாச்சும் ஒண்ணு பதிவு பண்ணிக் குடும்மா, சட்டுனு முடியிறதா" என்றார். சட்டென்று முடிவது அறக்கட்டளைதான். ஒருவர் நிறுவுவார், சிலர் அறங்காவலர்களாக இருப்பார்கள், சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தால் வேலை முடிந்தது. பத்திரத்தை எழுதி, அச்சடித்து, படித்தும் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"அப்போ பட்டறை யாருது?"

"அறங்காவலர்கள் கையிலே இருக்கும். அவங்க பொதுநன்மைக்காக நடத்துவாங்க."

"நாங்க?"

"நீங்க பயனாளிகள்."

எழுந்துவிட்டார். "பொங்கலுக்கு இலவச வேட்டி வாங்க வரிசையிலே நிக்கிறவனுக்குத்தாம்மா அந்தப் பேரு. எங்க பட்டறையிலே நான் எதுக்கு பயனாளி? மொதல்லே யாருதுன்னு சொல்லு, அப்புறம் இன்னாதுன்னு சொல்லு" என்றார். முத்திரைத்தாள் வாங்கியாகிவிட்டது. அதை யார் தலையில் கட்டுவது? அதையெல்லாம் அவர் யோசிக்கவே இல்லை. படியிறங்கிப் போகும்போது, "நாஷ்டா ஆச்சாம்மா?" என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

கூட்டுறவாகப் போகலாமே என்றேன். அவருடைய அப்பாவே ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தவர். ஏற்கெனவே சங்கம் இருக்கிற தெருவில் இன்னொன்றைக் கேட்டு அலைய முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியானால் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் சாதாரணச் சங்கம் ஒன்று போடலாம், குறைந்தது ஏழு பேர் வேண்டும், பெயர் எழுதிக் கொண்டுவாருங்கள் என்றேன். கொண்டுவந்தார். பதிவாளர் அலுவலகத்துக்குப் போய் மனுவை நீட்டினோம். உள்ளே இருந்த அதிகாரி பட்டியலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி பட்டியலைப் பார்த்தார். முதல் உறுப்பினர் அவர்கள் தெரு முனைப் பிள்ளையார். வயது என்ற இடத்தில் கோடு. தொழில் என்ற இடத்தில் "அருள்பாலித்தல்".

நான் அந்தப் பட்டியலைப் படிக்காமல் மேலட்டையை வைத்துத் தைத்திருந்தேன். என் தொழிலில் அதைவிட வெட்கக்கேடு கிடையாது. "என்னண்ணா இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "எங்க தெருவிலே எந்தப் பட்டியலும் சாமி பேருலேதான் ஆரம்பிக்கும்மா. சீட்டுன்னாலும் அப்படித்தான், புடவை ஆர்டர்னாலும் அப்படித்தான். அவரை விட்டுட்டு நான் எப்படி மேலே உக்கார்றது?" என்றார். சாமி பெயரில் சொத்து இருக்கலாம், அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு, சங்கத்தில் உறுப்பினராகிக் கையெழுத்துப் போட முடியாது என்று அந்த அதிகாரி நல்ல பொறுமையோடு விளக்கினார். இவர் அவரிடமும் வாதாடினார். கடைசியில் பிள்ளையார் பெயரை அடித்துவிட்டு, சங்கத்தின் குறிக்கோள் எழுதும் பக்கத்தின் தலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டுக்கொள்வது என்று சமாதானம் ஆயிற்று.

பிள்ளையார் போனதும் எண்ணிக்கை ஆறாகிவிட்டது. அலுவலகம் மூடுவதற்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. ஏழாவது ஆள் வேண்டும். வசந்தா அம்மா அன்றைக்கு எங்களோடு வந்திருந்தார். வாசலில் வேப்பமரத்தடியில் சாப்பாட்டுக் கூடையோடு உட்கார்ந்திருந்தார். கச்சபேசன் வெளியே போய், "வசந்தா, அந்த டீக்கடைக்காரரைக் கொஞ்சம் கூட்டிக்கினு வா, ஒரு கையெழுத்து வேணும்" என்றார். அவரும் எழுந்து ரோட்டைத் தாண்டிப் போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். பட்டு நெசவாளர் சங்கத்தின் ஏழாவது நிறுவன உறுப்பினராக டீக்கடைக்காரர் கையெழுத்துப் போட்டார். அவருடைய பெயரை மனுவில் எழுதியது என் கைதான்.

அந்த டீக்கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால் உறுப்பினர் என்றால் உறுப்பினர்தானே! எல்லாப் பொதுக்குழுவுக்கும் தவறாமல் வருவார். ஒரு கூட்டத்தில் எழுந்து, அரக்கு நிறம் யாரும் கட்டுவதில்லை, மாம்பழ மஞ்சளாகச் சாயம் போடுங்கள் என்று அரைமணி நேரம் பேசினார். ஓட்டுக்கு விடச் சொல்லியும் கேட்டார். ஆயுள் முழுக்கச் சாயத்தில் கை நனைத்தவர்கள் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். வசந்தா அம்மா பின்னால் எல்லோருக்கும் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். அப்போது எங்களில் ஒருவருக்கும் எதுவும் உறைக்கவில்லை.

சங்கம் இரண்டு வருடம் ஓடியது. தீபாவளிக்குப் புடவை நன்றாக விற்றுக் கொஞ்சம் மிஞ்சியபோது, யார் எவ்வளவு வேலை செய்தார்களோ அதற்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளலாம் என்றார் கச்சபேசன். கூடாது என்றேன். இந்த மாதிரிச் சங்கத்தில் மிச்சத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள முடியாது. சங்கத்தைப் பதியும்போதே சொல்லியிருந்தேன், அவரும் தலையாட்டியிருந்தார். "நீ சொன்னேம்மா, நான் கேட்டுக்கினேன், மிஞ்சும்னு யாருக்குத் தெரியும்?" என்றார்.

பிறகு சென்னையிலிருந்து நான்கு இளைஞர்கள் வந்தார்கள். சோஷியல் எண்டர்பிரைஸ் என்ற சொல்லை அவர்கள்தான் முதலில் இந்தத் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். அவர்களை வரவழைக்க நான் மூன்று வாரம் போனில் பேசியிருந்தேன். நல்ல பிள்ளைகள். பட்டறைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டி, படம் போட்டு விளக்கினார்கள். தனியார் கம்பெனியாகப் பதிவு செய்யலாம், முதலீட்டாளர் வருவார், பங்குகளில் பெரும்பகுதி அவரிடம் இருக்கும், நெசவாளர்களின் வாழ்க்கை உயரும் என்றார்கள். கச்சபேசன் கையைத் தூக்கினார்.

"தம்பி, இது லாபத்துக்கா, சேவைக்கா?"

"ரெண்டுக்கும் சார். அதுதான் சோஷியல் எண்டர்பிரைஸ்."

"நல்லதுப்பா. ஒரு நாளு ரெண்டுலே ஒண்ணைத்தான் பண்ண முடியும்னு ஆயிடுச்சுன்னா, எதுன்னு யாரு முடிவு பண்றது?"

"போர்டு சார்."

"போர்டுலே நூல் சுத்துற பொம்பளை யாராச்சும் இருக்குதா?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவ்வளவுதான், என்னுடைய மூன்று வாரம் போயே போய்விட்டது. கச்சபேசன் அவர்களுக்குச் சாப்பாடு போட்டு, மாகறல் கோயிலுக்கும் கூட்டிப்போய்க் காட்டி, பஸ் ஏற்றிவிட்டு வந்தார். நான் ஆத்திரத்தில் அவரோடு இரண்டு மாதம் பேசவில்லை. ஆனால் அந்தக் கேள்வி சரியான கேள்வி. நம் நாட்டில் சமூகத் தொழில் என்று சட்டத்தில் தனியாக ஒரு வடிவம் கிடையாது. அது ஒரு நோக்கம், அவ்வளவுதான். அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ கம்பெனியாகவோ ஏதாவது ஒரு சட்டையைத்தான் அதற்குப் போட்டுவிட வேண்டும். எந்தச் சட்டை என்பதைப் பொறுத்து, யார் முடிவு செய்வார், யாருக்கு மிச்சம் போகும் என்பது மாறும். என் தொழிலின் சாரத்தை, ஆடிட்டருக்கும் பத்திரம் எழுதுபவளுக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு மனிதர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார்.

இரண்டு மாதம் கழித்து அவராகவே மாடியேறி வந்தார். லாப நோக்கமில்லாத கம்பெனி ஒன்று இருக்கிறது, எட்டாம் பிரிவுக் கம்பெனி என்று பெயர், லாபம் வரலாம், உறுப்பினர்கள் எடுத்துக்கொள்ள முடியாது என்று விளக்கினேன். முகத்தைச் சுளித்தார். கடைசியாக உற்பத்தியாளர் கம்பெனியைப் பற்றிச் சொன்னேன். பொருளை உண்டாக்குகிறவர்கள்தான் அதில் உறுப்பினராக முடியும். கைத்தறியும் அதில் சேர்த்தி. பத்துப் பேர் இருந்தால் போதும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டு. மிச்சத்தை அவரவர் கொடுத்த வேலைக்குத் தக்கபடி பிரித்துக்கொள்ளலாம். அவர் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. "இதை வச்சிக்கினா இத்தினி வருஷம் எங்களை அலைய விட்டே?" என்றார். யார் யாரை அலையவிட்டது? எனக்கு மேசையில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

அதற்குப் பிறகு அவர் செய்ததை நீங்கள் எல்லோரும் பார்த்தீர்கள். வாலாஜாபாத் பக்கத்துக் கிராமங்கள் வரை சைக்கிளில் போய், நூல் சுற்றுகிற பெண்களை, சாயம் போடுகிறவர்களை, பாவு தயார் செய்கிறவர்களை உறுப்பினராகச் சேர்த்தார். வீட்டுக்கு வீடு ஆண்கள், "தறி ஒண்ணு, பேரு ஒண்ணு போதும்ணா" என்றார்கள். திட்டித் தீர்த்தார். தணிகாசலத்தின் வீட்டு வாசலில் நின்று, "தறிக்கு ஓட்டு குடுக்கலேப்பா கவர்மெண்டு, ஆளுக்குத்தான் குடுத்திருக்குது. உன் தறி வந்து கையைத் தூக்குமா?" என்று தெருவே கேட்கக் கத்தினார். சிலர் மனைவி பெயரையும் சேர்த்தார்கள். பலர் சேர்க்கவில்லை. தணிகாசலம் சேர்க்கவில்லை.

முதல் ஆண்டுக்கூட்டத்துக்காக உறுப்பினர் பதிவேட்டைச் சரிபார்த்தபோதுதான் பார்த்தேன். கச்சபேசன் வீட்டிலிருந்து ஒரே ஒரு பெயர். ஏதோ தவறிப்போயிருக்கும் என்று இரண்டு முறை புரட்டினேன். போன் செய்து வரச் சொன்னேன்.

"வசந்தா அம்மா பேரு எங்கேண்ணா?"

"அவ பேரு எதுக்கும்மா? நான் வேற அவ வேறயா?"

"ஊரெல்லாம் போய் இன்னா கத்துனீங்க?"

"அது ஊருக்கும்மா. அவனுங்க பொண்டாட்டியைக் கேக்காம எதையும் பண்ணிடுவானுங்க. நான் அப்பிடியா? அவளைக் கேக்காம ஓட்டே போட மாட்டேன்."

"கேட்டுட்டுப் போடுறது வேற, அவங்களே போடுறது வேற. அந்தச் சென்னைப் பசங்களைக் கேட்டீங்களே, யாரு முடிவு பண்றதுன்னு. இப்போ உங்களைக் கேக்கிறேன்."

விண்ணப்பப் படிவத்தைக் கொடுத்தேன். மடித்து எடுத்துக்கொண்டு, "நாளைக்குக் குடுக்கிறேன்" என்றார். நாளை வந்தது, அடுத்த வாரம் வந்தது, அடுத்த வருடமும் வந்தது. நான் கேட்காத மாதம் கிடையாது. உறுப்பினராகி மூன்று மாதத்துக்குள் எல்லோரும் நாமினி பெயரை எழுதித் தர வேண்டும். அதற்காக ஊரையெல்லாம் விரட்டியவர் தன்னுடைய படிவத்தில் அந்த இடத்தை வெறுமையாக விட்டிருந்தார். அதையும் கேட்டேன். "எழுதினா சாவு வர்ற மாதிரி இருக்குதும்மா, அப்புறம் பாக்கலாம்" என்றார். எழுதாமலே வந்தது. செத்தவரைப் பற்றி இப்படி எழுதலாமா என்று நீங்கள் நினைக்கலாம். நினைத்துக்கொள்ளுங்கள். அவர் கடைசிவரை செய்யவில்லை என்பதுதான் உண்மை.

காரியம் முடிந்த அன்று சாப்பாட்டுக்குப் பிறகு தணிகாசலமும் மற்ற இயக்குநர்களும் என்னைக் கூப்பிட்டார்கள். வசந்தா அம்மா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "அண்ணன் பேருலே ஒரு டிரஸ்ட் ஆரம்பிச்சு, சாயப்பட்டறையை அதுக்கு எழுதி வச்சிடலாம்னு பாக்குறோம் மேடம். அண்ணன் போட்டோவை மாட்டிடலாம். அண்ணிக்கு மாசாமாசம் ஒரு உதவி பண்ணிடலாம். பத்திரம் நீங்கதான் எழுதணும்" என்றார் தணிகாசலம். அவர் மனசில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அவரையும் உலுக்க வேண்டும் போல இருந்தது, செத்தவரையும் உலுக்க வேண்டும் போல இருந்தது.

வசந்தா அம்மாதான் கேட்டார். "அந்த டிரஸ்ட்டுலே நான் யாரு?"

நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. "பயனாளிம்மா."

"இவரு அந்தப் பேரைச் சொன்னா எரிஞ்சி விழுவாரே, அதுவா?"

"அதேதாம்மா."

"வேற வழி இன்னா இருக்குது?"

வாரிசாக அவர் பங்கைக் கேட்கலாம், நாமினி எழுதாததால் சான்றிதழுக்கு அலைய வேண்டியிருக்கும் என்றேன். இல்லாவிட்டால் நெசவு செய்கிறவர் என்று புதிதாக விண்ணப்பித்து உறுப்பினராகலாம் என்றேன். வசந்தா அம்மா உடனே, "அவரு விட்டுட்டுப் போனதை வாங்கிக்கினு வர்றதுக்கு எனக்கு இஷ்டமில்லேம்மா. இருக்கும்போதே குடுக்கலே. நானே கேட்டுக்கிறேன், அந்தத் தாளைக் குடு" என்றார். அங்கேயே படிவத்தை நிரப்பினார்.

தணிகாசலம் தயங்கினார். "அண்ணி, தப்பா நெனைக்காதீங்க. நெசவாளர் கார்டு அண்ணன் பேருலேதானே இருக்குது? உங்க பேருலே சான்று எதுவும் இல்லையே. நடுவுலே உக்காந்து நெய்யிறவங்களைத்தானே நெசவாளர்னு சொல்வாங்க? நீங்க பக்கத்துலே..." சான்று இல்லாதவர் விண்ணப்பித்தால் குழு நேரில் போய் வேலையைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்று கம்பெனி விதிகளில் இருக்கிறது என்றேன். அட்டை இல்லாத நூல் சுற்றும் பெண்களுக்காக கச்சபேசன் என்னோடு சண்டை போட்டு எழுதவைத்த விதி அது.

அடுத்த வாரம் ஒரு காலையில் இயக்குநர்கள் வசந்தா அம்மா வீட்டுக்குப் போனார்கள். நானும் போனேன். தறியில் கச்சபேசன் பாதியில் விட்டுப்போன புடவை அப்படியே இருந்தது. வசந்தா அம்மா போய்த் தன்னுடைய ஓரத்து இடத்தில் உட்கார்ந்தார். "நடுவுலே நீ உக்காரு தணிகாசலம். நீதான் நெசவாளராச்சே" என்றார். தணிகாசலம் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தறிக்குழியில் இறங்கி உட்கார்ந்தார். நல்ல கைகாரர் அவர். மிதிகட்டையை மிதித்தார், உடலுக்கான நாடாவை வீசினார். கரையின் முறை வந்தது. நிறுத்தினார். அந்த ஓரத்து நாடா வசந்தா அம்மாவின் பக்கத்தில் கிடந்தது. அவர் இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்.

"போடுங்க அண்ணி" என்றார் தணிகாசலம்.

"யாரு, நானா? நெசவாளரு நீதானேப்பா. நெய்யி."

தணிகாசலம் எட்டிப் பார்த்தார். கைக்கு எட்டவில்லை. இன்னொரு இயக்குநர் உதவ எழுந்தார். "உக்காருங்க, அவரு நெய்யட்டும்" என்றார் வசந்தா அம்மா. பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் கேட்டது. தணிகாசலத்துக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. அவர் வீட்டிலும் இருபது வருடமாக ஓரத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். அதை நினைத்தாரோ என்னவோ, தறியிலிருந்து முகத்தைத் தூக்காமலே, "எழுதிக்குங்க மேடம், உறுப்பினர்னு" என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள். அதற்குப் பிறகுதான் வசந்தா அம்மா நாடாவைப் போட்டார். போட்டுக்கொண்டே அழுதார். கை நிற்கவில்லை.

வெளியே வந்து செருப்பு மாட்டும்போது தணிகாசலம் என்னிடம் இன்னொரு உறுப்பினர் படிவம் கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கொடுத்தேன். டிரஸ்ட் பேச்சை அதற்குப் பிறகு அவர் எடுக்கவில்லை.

கச்சபேசனிடமிருந்து நான் எதை வைத்துக்கொள்வேன் என்று எழுதி முடிக்க வேண்டுமாம். யார் முடிவு செய்வது என்ற அவருடைய கேள்விதான் என்று எழுதினால் அழகாக இருக்கும். எனக்கு மிஞ்சியிருப்பது அவர்மேல் உள்ள கோபம். ஊருக்கெல்லாம் கேட்டவர் வீட்டுக்குள் கேட்கவில்லையே என்ற கோபம். பெயர் எழுதுவதையே தொழிலாக வைத்திருக்கும் நான், அன்றைக்கு வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தவரைப் பார்க்காமல் டீக்கடைக்காரர் பெயரை எழுதினேனே, அந்தக் கோபமும் அதோடு சேர்ந்திருக்கிறது. அவரோடு போட வேண்டிய சண்டை இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருந்தது. அந்த மனிதர் இல்லாமல் என் மாடி வெறிச்சோடிக் கிடக்கிறது, அழுகை வருகிறது. இப்போது யார் எந்தப் பட்டியலைக் கொண்டுவந்து நீட்டினாலும், அதில் இருக்கிற பெயர்களைப் படிப்பதற்கு முன்னால், உங்கள் வீட்டில் வேறு யார் வேலை செய்கிறார்கள் என்று கேட்கிறேன். சிலருக்குக் கோபம் வருகிறது. வரட்டும்.